விண்டோஸ் 11 போடுவதற்கு முன் கம்ப்யூட்டர்களை எண்ணிய கதை

ஹட்டன் டவுனில் எங்கள் ஆபீஸ், அதற்குக் கீழே ஆறு தோட்டங்கள். ஐ.டி. என்று சொன்னால் நானும் இன்னொரு பையனும், அவ்வளவுதான். 2025 ஜூனில் கொழும்பிலிருந்து ஒரு மெயில் வந்தது. ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்குப் பாதுகாப்பு அப்டேட் நிற்கிறது, அதற்குள் எல்லாவற்றையும் 11க்கு மாற்ற வேண்டும், எத்தனை மெஷின் புதிதாக வாங்கணும் என்று சீக்கிரம் சொல்லுங்கள் என்று. எத்தனை வாங்கணும் என்று சொல்ல, முதலில் எத்தனை இருக்கிறது என்று தெரிய வேண்டாமா? எங்களிடம் இருந்த சொத்துப் பதிவேட்டில் ஒரு தோட்டத்துக்கு நேரே "கம்ப்யூட்டர் 1, கறுப்பு" என்று இருந்தது. அது எப்போது எழுதியது என்றுகூடத் தெரியவில்லை.

காசில்லாத வழியைத்தான் பார்த்தோம். கம்ப்யூட்டர்களைக் கணக்கெடுக்கும் ஜிஎல்பிஐ என்ற திறந்த மூல மென்பொருளை ஒரு பழைய மெஷினில் சர்வராகப் போட்டு, ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் அதன் ஏஜென்டை, அதாவது விவரம் எடுத்து அனுப்பும் சின்ன புரோகிராமை, ஏற்றினோம். ஏஜென்ட் ஓடும் மெஷினில் பிரவுசரைத் திறந்து லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்து 62354 என்ற போர்ட்டைப் போட்டால் ஒரு சின்னப் பக்கம் வரும், அதில் உடனே கணக்கெடு என்ற மாதிரி ஓர் இணைப்பு இருக்கும், அதைத் தட்டினால் கொஞ்ச நேரத்தில் சர்வரில் உள்ள பட்டியலில் ஒரு வரி வந்து உட்கார்ந்துவிடும். புரொசசர், ராம், டிஸ்க், பயோஸ் (மெஷினை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) திகதி, ஏற்றியிருக்கிற மென்பொருள்கள் எல்லாம். டவுன் ஆபீஸில் 14 மெஷின். ஒரே பின்னேரத்தில் முடிந்தது. இவ்வளவுதானா வேலை என்று டீ குடித்துக்கொண்டே சொன்னேன், அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

தோட்டங்களில் கதை வேறு. ஒவ்வொரு தோட்ட ஆபீஸிலும் தனித்தனி ரூட்டர், எல்லாமே 192.168.1 என்று தொடங்கும் ஒரே மாதிரி முகவரி, ஆபீஸ்களை ஒரே நெட்வொர்க் மாதிரி இணைக்கும் விபிஎன் எதுவும் நடுவில் கிடையாது. டவுனில் உட்கார்ந்துகொண்டு ஸ்கேன் பண்ணுவது நடக்காத காரியம். ஏஜென்டை இணையம் வழியாக அனுப்பச் சொல்லலாம் என்றால் ஜூன், ஜூலை மழையில் லைன் எப்போது இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. சரி, ஏஜென்டை பென் டிரைவில் எடுத்துப் போய், கணக்கை ஒரு ஃபைலாக எழுத வைத்து, திரும்பி வந்து சர்வரில் ஏற்றலாம் என்று முடிவெடுத்தோம். அதனால் டிக்கோயா, நோர்வூட் வழியாக பொகவந்தலாவை பஸ்ஸில் நான் போன மாதிரி அந்த மாதம் யாரும் போயிருக்க மாட்டார்கள்.

ஒரு தோட்டத்தில் மட்டும் லைன் நன்றாக இருந்தது, நேராகவே அனுப்பலாம் என்று பார்த்தால் டீமேக்கர் (தேயிலை ஃபேக்டரிப் பொறுப்பாளர்) மேசையிலிருந்த மெஷின் மாட்டேன் என்றது. சான்றிதழ் பிழை, சான்றிதழ் பிழை என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் சர்வரைத் திட்டிக்கொண்டிருந்த பிறகுதான் திரையின் மூலையைப் பார்த்தேன்: 2018 ஜனவரி. மதர்போர்டில் காசு மாதிரி இருக்குமே ஒரு பெட்டரி, அது செத்துப்போயிருந்தது. கரன்ட் போய் வரும் ஒவ்வொரு தடவையும் மெஷின் 2018க்குத் திரும்பிவிடும். அதன் கணக்கில் எங்கள் சர்வரின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. மூடியைக் கழற்றினால் உள்ளே தேயிலைத் தூள், ஃபேன் இறக்கைகளில் பழுப்பாகப் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தது. ஹட்டனில் மணிக்கூட்டுக் கடையில் சிஆர்2032 என்று கேட்டால் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு போன இடமெல்லாம் பையில் பத்து பெட்டரியும் ஒரு பெயின்ட் பிரஷும் இருந்தன.

ஆறு தோட்டமும் முடிந்து எல்லாவற்றையும் எக்செலில் இறக்கினேன். கொப்பியில் கையால் குறித்துவந்த கணக்கு 47, ஷீட்டில் 43. மென்பொருள் நாலை விழுங்கிவிட்டது என்று அந்தப் பையனிடம் சொன்னேன். விழுங்கியது நான்தான். ஒரே மெஷின் இரண்டு தடவை பதிந்திருக்குமோ என்று கம்ப்யூட்டர் பெயரை வைத்து இரட்டிப்பு வரிகளை நீக்கியிருந்தேன். யாரோ ஒருவர் முன்பு ஒரே டிஸ்க்கைப் பிரதி எடுத்து ஐந்து தோட்டத்துக்கு ஐந்து மெஷின் கொடுத்திருக்கிறார், ஐந்துக்கும் பெயர் ஒன்றே. சீரியல் நம்பரைப் பார்த்துப் பிரிக்கலாம் என்றால், அசெம்பிள் பண்ணிய மெஷின்களில் அந்தக் கட்டத்தில் நம்பரே இல்லை, "டு பி ஃபில்ட் பை ஓ.இ.எம்." என்று இருக்கிறது, அதாவது தயாரித்தவர் நிரப்பிக்கொள்ளட்டும் என்று. யாரும் நிரப்பவில்லை. கடைசியில் நெட்வொர்க் கார்டுக்கு உள்ள தனி எண்ணான மேக் முகவரியைப் பார்த்துத்தான் பிரித்தேன்.

47இல் 21 மெஷினின் புரொசசர் இன்டெல் ஏழாம் தலைமுறையும் அதற்கு முந்தியதும், அவற்றில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. மீதி 26இல் எட்டாம் தலைமுறைக்குக் குறைவாக ஒன்றும் இல்லை. ஆனால் பவர்ஷெல்லில் கெட்-டிபிஎம் என்று அடித்து எடுத்த விவரத்தில் 17க்கு டிபிஎம் சிப்பே, அதாவது விண்டோஸ் 11 கேட்கிற பாதுகாப்புச் சிப்பே, இல்லை என்று வந்தது. 21ஐயும் 17ஐயும் கூட்டி 38 வாங்கணும் என்று எழுதி அனுப்பப் போனேன். ஆபீஸ் கணக்காளர் அக்கா பார்த்துவிட்டு, அந்த 17இல் இரண்டைக் காட்டி, "இது ரெண்டும் 2021ல நானே பில்லுப் போட்டது தம்பி, அதுக்குள்ள பழசாயிடுச்சா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. அதில் ஒரு மெஷினை ரீஸ்டார்ட் பண்ணி பயோஸுக்குள் போனேன். பிடிடி என்று ஒரு வரி, பக்கத்தில் டிசேபிள்ட். புரொசசர் தொகுதியோடு வருகிற டிபிஎம்மைத்தான் இன்டெல் அந்தப் பெயரில் வைத்திருக்கிறது. மூடி வைத்திருந்தால் விண்டோஸ் கண்ணுக்கு அது இல்லவே இல்லை, விண்டோஸுக்குத் தெரியாதது நம் பட்டியலுக்கும் தெரியாது. 17 மெஷினிலும் இதே கதை. அந்த ஒரு கேள்விக்காக அக்காவுக்கு ஹட்டன் பேக்கரியிலிருந்து கேக் வாங்கிக் கொடுத்தேன்.

பிடிடியைத் திறந்தால் மட்டும் போதாது. பல மெஷின்களில் லெகசி என்ற பழைய பூட் முறையில் விண்டோஸ் போட்டிருந்தார்கள், டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய வகை, தொடங்கும்போதே சோதிக்கிற செக்யூர் பூட் அதில் வராது. விண்டோஸோடு வருகிற எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி டேட்டாவை அழிக்காமல் டிஸ்க்கைப் புதிய ஜிபிடி வகைக்கு மாற்றித் தரும். முதலில் வேலிடேட் பண்ணிப் பாருங்கள், பேக்கப் எடுக்காமல் தொடாதீர்கள். சி, டி, இ என்று ஆசையாகப் பிரித்து நாலு பிரைமரி பார்ட்டிஷன் வைத்திருந்த ஒரு டிஸ்க்கை அது ஏற்கவில்லை, மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாதாம். இன்னொரு இடத்தில் மாற்றி முடித்த சந்தோஷத்தில் பயோஸை யுஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறைக்கு மாற்ற மறந்து ரீஸ்டார்ட் பண்ணிவிட்டேன். கறுப்புத் திரை, பூட் பண்ண எதுவும் இல்லை என்று ஒரு வரி. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த டீமேக்கர் ஒன்றும் சொல்லவில்லை, பிளேன்டியை மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். பயோஸில் பழைய முறைக்கு இடம் கொடுக்கும் சிஎஸ்எம்மை அணைத்ததும் எழுந்து வந்தது.

இதெல்லாம் ஒரு பக்கம். மேல் தோட்டத்தில் பெரிய கிளாக்கர் ஐயாவின் மெஷின் பட்டியலில் சாதுவாக இருந்தது: விண்டோஸ் 10, 32 பிட், மென்பொருள் என்று ஓர் ஆபீஸ் தொகுப்பு, ஒரு ஆன்டிவைரஸ். தூக்கிவிட்டுப் புதிது வைக்கலாம் என்று போனேன். "தம்பி, அதுல மட்டும் கைய வைக்காதீங்க, செக்ரோல் அதுலதான் ஓடுது" என்றார். செக்ரோல் என்றால் தொழிலாளர் சம்பளக் கணக்கு. எங்கே, பட்டியலில் இல்லையே என்று யோசித்தேன். சி டிரைவில் ஒரு ஃபோல்டர், உள்ளே டாஸ் காலத்து 16 பிட் புரோகிராம், யாரோ எப்போதோ நகலெடுத்து வைத்தது. இன்ஸ்டோல் பண்ணாத எதுவும் விண்டோஸின் உள்பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் பதியாது, ஏஜென்ட் அங்கேதான் பார்க்கிறது. 32 பிட் விண்டோஸில்தான் இந்த மாதிரி புரோகிராம் ஓடும், விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. பத்தாம் திகதி சம்பளம். நான் அன்று அந்த மெஷினைத் தூக்கியிருந்தால் அந்தத் தோட்டத்துப் பக்கம் இனிமேல் போயிருக்க முடியாது.

கடைசிக் கணக்கு: 26 மெஷின் இருந்தபடியே விண்டோஸ் 11க்கு ஏறியது. 21இல் 12க்குப் பதிலாக எட்டாம் தலைமுறை ரீகண்டிஷன் மெஷின் வாங்கினார்கள். 8 மெஷினுக்கு விண்டோஸ் 10இன் நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பணம் கட்டினார்கள், கம்பெனிகளுக்கு முதல் வருடம் மெஷினுக்கு 61 டொலர், அடுத்தடுத்த வருடம் இரட்டிப்பாகும், மூன்று வருடத்துக்கு மேல் கிடையாது. மிச்சம் கிளாக்கர் ஐயாவின் மெஷின். நெட்வொர்க் வயரைப் பிடுங்கி, அந்தத் துளையில் டேப் ஒட்டினேன், பக்கத்தில் டொட் மெட்ரிக்ஸ் பிரின்டர் அப்படியே இருக்கிறது. இனி ஏஜென்ட் அதைப் பற்றிச் சொல்லாது என்பதால் பட்டியலில் நானே கையால் ஒரு வரி சேர்த்து, குறிப்பு என்ற கட்டத்தில் "கிளாக்கர் ஐயாவைக் கேட்காமல் தொடக் கூடாது" என்று எழுதி வைத்திருக்கிறேன்.