சுவரில் படிந்த கரி

இன்று அக்கா வீட்டில், காற்றைச் சுத்தம் செய்ய வைத்திருந்த அயனியாக்கிக் கருவியை இடம் மாற்றினேன். அதன் பின்னால், வெள்ளைச் சுவரில் ஒரு சாண் அகலத்துக்குக் கரி அப்பியிருந்தது.

ஈரத்துணியால் துடைத்தேன். துணி கறுத்தது. சுவர் வெளுக்கவில்லை.

அந்தக் கருவி என்ன செய்கிறது என்பதைச் சுவரே சொல்லிவிட்டது. உள்ளே ஊசி முனையில் சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம். அது காற்றில் எதிர்மின் அயனிகளை, அதாவது எதிர் மின்னூட்டம் கொண்ட நுண்துகள்களை, உண்டாக்குகிறது. அவை தூசியில் ஒட்ட, மின்னூட்டம் பெற்ற தூசி அருகிலுள்ள சுவரிலும் திரைச்சீலையிலும் தரையிலும் போய் ஒட்டிக்கொள்கிறது.

தூசி காற்றைவிட்டுப் போனது உண்மை. அறையைவிட்டுப் போகவில்லை! பெருக்கினாலோ, பிள்ளை மெத்தையில் குதித்தாலோ ஒரு பங்கு மறுபடியும் கிளம்பும்.

"மழை பெய்த மாதிரி வாசனை வருமே தம்பி" என்றாள் அக்கா. அதுதான் என்னை உலுக்கியது. அது ஓசோன் வாயுவாக இருக்கலாம். பல அயனியாக்கிகளில் துணைவிளைவாக வருவது, நுரையீரலை உறுத்துவது. கலிபோர்னியாவில் இத்தகைய கருவிகளுக்கு 0.050 பிபிஎம் (பிபிஎம் என்றால் காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்று வரம்பே வைத்திருக்கிறார்கள்.

அக்கா மகனுக்கோ, என் மருமகனுக்கு, வீசிங்.

ஹெப்பா என்பது காற்றிலுள்ள நுண்தூசியைப் பிடிக்கும் வடிகட்டி; 0.3 மைக்ரான் அளவுள்ள நுண்துகள்களில் 99.97 சதவீதத்தைத் தனக்குள் பிடித்து வைக்கும். வடிகட்டியைக் கழற்றி வெளியே எறியலாம். அதை வாங்கித் தருகிறேன் என்றேன்.

இப்போதைக்குக் கருவியை அணைத்துவிட்டு, தோட்டத்துப் பக்க ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறோம். மருமகன் தூங்குகிறான்.