சம்பளத்தோடு 9 மாதம்

பல்கலைக்கழக விரிவுரையாளர்களுக்கு ஆய்வுக்காகச் சம்பளத்தோடு தரும் சபாட்டிக்கல் விடுப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்று சொன்னதும் அம்மா கேட்டார்: "வேலைக்குப் போகாமலே சம்பளமா? நாங்க தோட்டத்துல ரப்பர் பால் வெட்டின காலத்துல மழை பேஞ்சா அன்னைக்குக் கூலி இல்லை."

ஏழாம் ஆண்டில் நிலத்தைத் தரிசாக விடும் யூதர் வழக்கத்திலிருந்து வந்த பெயர் இது, 1880-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் தொடங்கிவைத்தது என்று விளக்கினேன். "மரம் இலை கொட்டுறப்ப வெட்டை நிறுத்தி வைப்போமே, அது மாதிரியா?" என்றார். அதேதான்.

முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. 'நூல் எழுதுவேன்' என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தேன். எந்த மாதம் எந்தக் கோப்பு, யாரைச் சந்திப்பேன் என்று பிரித்து எழுதிய பிறகுதான் ஒப்புதல் கிடைத்தது. என் வகுப்புகளை இரண்டு பேர் ஏற்றுக்கொண்டார்கள். அதில் ஒருவர் ஒப்பந்த விரிவுரைஞர். அவருக்கு இந்த விடுப்பே கிடையாது. அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

முதல் இரண்டு மாதம் கோலாலம்பூரில் உள்ள மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் கழிந்தது. தொழிலாளர்களைத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவர 1907-இல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதி, ஆள் சேர்த்த கங்காணிகள், கப்பலில் வந்தவர்களின் எண்ணிக்கை என்று எல்லாம் இருந்தன. ஆனால் ஒரு பெண்ணின் குரல்கூட இல்லை.

அப்புறம் அந்தக் குரலைத் தேடி, கோலாலம்பூரின் பந்தாய் டாலாம் அடுக்குமாடிகளுக்குப் போனேன். தோட்டம் கைமாறியதும் லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, விட்டு வந்து குடியேறிய பாட்டிகளிடம் ஒப்பாரி கேட்க வேண்டும். நான்கு முறை போயும் "பசியாறிட்டியாம்மா?" என்ற உபசரிப்போடு சரி. ஐந்தாம் முறை ஒரு பாட்டி காரணம் சொன்னார்: "சாவு விழாத வீட்டுல ஒப்பாரி பாடக் கூடாதும்மா." இது தெரியாமல் கூடத்தில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அடுத்த வாரம் கீழே இறங்கி, வாகன நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த மரத்தடியில் உட்கார்ந்தோம். பாட்டி, இறந்துபோன கணவருக்காகப் பாடினார். அதில் காலையில் ஆள் கணக்கெடுக்க அடிக்கும் பெரட்டு மணி இருந்தது, அவர் பால் வெட்டிய மர நிரை இருந்தது, விடியுமுன் கட்டிக் கொடுத்த சோறு இருந்தது. பாடி முடித்ததும் முகம் கழுவிக்கொண்டுதான் மேலே வந்தார். பருவ விடுமுறையில் இரண்டு வாரம் ஓடிப் போயிருந்தால் நான்காவது முறையோடு திரும்பியிருப்பேன்.

பதிவுகளை எழுத்தில் பெயர்த்து அறிக்கையும் கொடுத்துவிட்டேன். இந்தப் பருவத்தில் அந்த ஒப்பந்த விரிவுரைஞரின் இரண்டு வகுப்புகளை நான் எடுக்கிறேன். அவர் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டின் கடைசி இயலை எழுதிக்கொண்டிருக்கிறார்.