பூ மண்டி சர்வர்: தை வரைக்குமான நாட்குறிப்பு

சேலம் பூ மார்க்கெட்டில் ஒரு மண்டியின் வரவுக் கணக்கும், ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டின் காப்பிப் பழ எடைக் கணக்கும் ஒரே சர்வரில் ஓடுகின்றன. இயங்குதளம் உபுண்டு 24.04, பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க் ஜாங்கோ 5, டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், ஜாங்கோவை ஓட்டும் கூனிகார்ன், முன்னால் நின்று வேண்டுகோள்களை வாங்கி அதற்குக் கடத்தும் என்ஜின்எக்ஸ். பொங்கல் நெருக்கத்தில் வந்த கோளாறுகளும் அவற்றைக் கண்டுபிடித்த வழியும் இங்கே.

3-1-2025, வெள்ளி

புது சர்வரில் பைத்தான் பேக்கேஜ் போட பிப் இன்ஸ்டால் கொடுத்ததுமே "எக்ஸ்டெர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்" என்று மறுப்பு. உபுண்டு 23.04 முதல், டெபியனில் 12 முதல் இப்படித்தான். சிஸ்டம் தன் வேலைக்கு வைத்திருக்கும் பைத்தானில் நாம் கை வைக்காமலிருக்கப் போட்ட பூட்டு அது. அதை உடைக்க ஒரு ஆப்ஷன் உண்டு. தேடினால் முதலில் அதுதான் கிடைக்கும். தொடவே வேண்டாம். உபுண்டுவின் ஏபிடி வழியாக பைத்தான்3-வென்வ் பேக்கேஜைப் போட்டு, ப்ராஜெக்ட் ஃபோல்டரில் "பைத்தான்3 -எம் வென்வ் வென்வ்" என்று தனிச் சூழல் உருவாக்கினால் போதும்.

அதன் பிறகும் "ஜாங்கோ என்ற மாட்யூல் இல்லை" என்று வந்தால், பேக்கேஜ் ஒரு பைத்தானில் இருக்கிறது, ஓடுவது இன்னொன்று. புரோகிராம் கோடின் தலையில் ஒரு வரி: சிஸ்.எக்ஸிக்யூட்டபிளை பிரிண்ட் செய்யுங்கள். எந்தப் பைத்தான் என்பது பாதையோடு தெரிந்துவிடும். இன்று அகப்பட்டது கூனிகார்ன்: ஏபிடியில் போட்ட கூனிகார்ன் ஓடிக்கொண்டிருந்தது, ஜாங்கோ இருந்ததோ வென்வ்வுக்குள். கூனிகார்னை ஓட்டும் சர்வீஸ் ஃபைலில், வென்வ்வின் பின் (bin) ஃபோல்டரில் இருக்கும் கூனிகார்னுக்கு முழுப் பாதை கொடுத்ததும் சரியானது.

4-1-2025, சனி

பக்கத்துக்குப் பதில் 502 என்ற பிழை எண். இது என்ஜின்எக்ஸ் சொல்வது, ஜாங்கோவுக்கு விஷயமே தெரியாது. அதனால் ஜாங்கோ கோடைத் திறப்பதற்கு முன் என்ஜின்எக்ஸின் எரர் லாகைத் திறக்க வேண்டும். கடைசி வரியில் அடைப்புக்குறிக்குள் ஒரு எண் இருக்கும். 111 என்றால் அந்த முகவரியில் கேட்பவர் யாருமில்லை, கூனிகார்ன் விழுந்து கிடக்கிறது. 2 என்றால் என்ஜின்எக்ஸும் கூனிகார்னும் பேசிக்கொள்ளும் சாக்கெட் ஃபைலே அந்த இடத்தில் இல்லை. 13 என்றால் ஃபைல் இருக்கிறது, தொட அனுமதியில்லை.

நமக்கு 13. சாக்கெட் ஃபைலின் அனுமதிகள் சரியாகவே இருந்தன. தடை அதற்கு மேலே: உபுண்டு 21.04 முதல் ஹோம் ஃபோல்டர்கள் 750 அனுமதியோடு உருவாகின்றன; உரிமையாளரும் அவர் குழுவும் தவிர யாரும் நுழைய முடியாது. என்ஜின்எக்ஸ் ஓடுவது டபிள்யூ டபிள்யூ டபிள்யூ-டேட்டா என்ற பயனராக. அதற்கு வாசலிலேயே தடை. ஹோமை 755 ஆக்கி எல்லோருக்கும் திறப்பது குறுக்குவழி. சாக்கெட்டை ரன் ஃபோல்டருக்கு மாற்றி, சர்வீஸ் ஃபைலில் ரன்டைம்-டைரக்டரி வரியைச் சேர்ப்பதே முறை.

அதே மாலை இன்னொன்று. கையால் ஓட்டினால் ஓடுகிறது, சர்வீஸாக ஓட்டினால் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு காலி. சர்வீஸ்களை ஓட்டும் சிஸ்டம்டி, நாம் டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் பாஷ்-ஆர்சி ஃபைலைப் படிக்காது. ரகசியங்களைத் தனி ஃபைலில் எழுதி என்விரான்மென்ட்-ஃபைல் வரியில் காட்ட வேண்டும். அந்த ஃபைலில் எக்ஸ்போர்ட் என்ற சொல் வரக் கூடாது. சர்வீஸ் ஃபைலைத் திருத்தினால் டீமன்-ரீலோட், பிறகு ரீஸ்டார்ட்.

6-1-2025, திங்கள்

ஜாங்கோ செட்டிங்ஸில் டீபக்கை ஃபால்ஸ் ஆக்கியதும் தளம் முழுக்க 400 என்ற பிழை. அலவ்டு-ஹோஸ்ட்ஸ் பட்டியலில் டொமைன் இல்லை. சேர்த்ததும் பக்கம் வந்தது, ஆனால் அலங்காரமில்லாமல்: ஸ்டாட்டிக் ஃபைல்களை இனி ஜாங்கோ தராது. கலெக்ட்ஸ்டாட்டிக் ஓட்டி, அந்த ஃபோல்டரை என்ஜின்எக்ஸுக்குக் காட்டியாயிற்று.

7-1-2025, செவ்வாய்

இந்த வாரத்தின் பெரிய பிழை இதுதான். மண்டியின் தினசரிக் கூட்டு கைக்கணக்கோடு பொருந்தவில்லை. எரர் எதுவும் இல்லை, பக்கம் சரியாகவே வருகிறது, தொகைதான் குறைகிறது. இப்படிச் சத்தமில்லாமல் தப்பாகும் கணக்குதான் ஆபத்து.

விட்டுப்போன வரிகளைத் தனியே எடுத்துப் பார்த்ததில் எல்லாமே காலை 5.30-க்கு முந்தையவை. பனமரத்துப்பட்டி அரளி மூட்டை 4.40-க்கு இறங்குகிறது. யூடிசியில், அதாவது நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரத்தில், அது முந்தைய நாள் இரவு 23.10. தேதி நிரப்பும் இடத்தில் டைம்ஸோன்.நவ் வாங்கி அதிலிருந்து டேட் எடுத்திருந்தது கோடு. அது தருவது யூடிசி தேதி. செட்டிங்ஸில் "ஏசியா/கொல்கத்தா" என்று எழுதியிருந்தாலும் அப்படித்தான். அதற்குப் பதில் டைம்ஸோன்.லோக்கல்டேட் அழைத்தால் நம்மூர்த் தேதி வரும். பகல் வியாபாரத்தில் இந்தப் பிழை வருடக்கணக்கில் கண்ணில் படாது. பூ மண்டியில் முதல் நாளே படும்.

பழைய வரிகளைத் திருத்த, பதிவான நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றி, அதிலிருந்து தேதியை மறுபடி நிரப்பினோம். முதலில் பேக்கப், பிறகு ட்ரான்ஸாக்‌ஷனுக்குள் அப்டேட், எண்ணிக்கை பார்த்து கமிட்.

குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானுக்கும் இதே சிக்கல். சர்வர் யூடிசியில் இருந்தால், 6 மணிக்கு என்று எழுதிய வேலை இங்கே 11.30-க்கு ஓடும். காலை 6-க்கு வேண்டுமென்றால் 0.30 என்று எழுத வேண்டும்.

9-1-2025, வியாழன்

"கொண்டலாம்பட்டி" என்று தேடினால் பாதி விவசாயிகள்தான் வருகிறார்கள். திரையில் இரண்டு பெயர்களும் அச்சு அசல் ஒன்றே. லென் போட்டுப் பார்த்தால் நீளம் வேறு. "கொ" என்பதைக் க-வும் ஒற்றை ஒகரக் குறியும் சேர்த்து எழுதலாம். க, ஒற்றைக்கொம்பு, கால் என மூன்று குறிகளாகவும் எழுதலாம். கீபோர்டைப் பொறுத்து மாறும். கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு. யூனிகோட்டேட்டாவின் நார்மலைஸை என்எஃப்சி வடிவத்தில், சேமிக்கும்போதும் தேடும்போதும் ஓட்டினால் இரண்டும் ஒன்றாகும். ஒளகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் "ள" எழுத்தும் போட்டு எழுதியதை மட்டும் அது சரிசெய்யாது. அதைத் தனியாகப் பிடித்து மாற்ற வேண்டும்.

அடுத்தது ஸ்லக், அதாவது பெயரிலிருந்து செய்யும் வெப் முகவரித் துண்டு. யூனிகோடை அனுமதித்தாலும் ஜாங்கோவின் ஸ்லக்கிஃபை "சேலம்" என்பதைச் "சலம" ஆக்கிவிடுகிறது. பைத்தானின் ரெஜெக்ஸில் எழுத்தைக் குறிக்கும் டபிள்யூ குறி உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணாததே காரணம். தமிழ்ப் பெயரை முகவரியில் வைக்காமல் எண்ணை வைத்துவிட்டோம்.

எக்ஸெலில் திறந்தால் சிஎஸ்வி குப்பையாகத் தெரிகிறது என்ற புகாருக்கு ஒரே சொல்: என்கோடிங்கை யூடிஎஃப்-8-சிக் ஆக்குங்கள்.

10-1-2025, வெள்ளி

ஏற்காட்டிலிருந்து ஒரே மூட்டை இரண்டு முறை பதிவாகிறது. மலையில் சிக்னல் விட்டு விட்டு வரும். எடை சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது, பதில் திரும்பும் வழியில் அறுந்துவிடுகிறது. போன் வைத்திருப்பவர் போகவில்லை என்று நினைத்து மறுபடி அழுத்துகிறார். அவர் மேல் தவறில்லை.

பட்டனை முடக்குவது பாதித் தீர்வுதான். ஃபார்ம் திறக்கும்போதே ஒரு யூயூஐடி (மறுபடி வராத அடையாள எண்) உருவாக்கி மறைவாக அனுப்ப வேண்டும். டேட்டாபேஸில் அந்த நெடுவரிசைக்கு யுனிக் கட்டுப்பாடு, அதாவது ஒரே மதிப்பு இரண்டு முறை நுழையாது. இரண்டாம் முறை வந்தால் இன்டெக்ரிட்டி-எரர் எழும். அதைப் பிடித்து, முதல் பதிவையே வெற்றியாகக் காட்ட வேண்டும். முதலில் தேடி, இல்லையென்றால் சேர்ப்பது என்று கோடில் மட்டும் எழுதினால், இரண்டு வேண்டுகோள்கள் ஒரே நேரத்தில் வரும்போது இரண்டுமே நுழைந்துவிடும். காவல் டேட்டாபேஸிலேயே இருக்க வேண்டும்.

12-1-2025, ஞாயிறு

மாதப் பட்டியல் திறந்தால் அரை நிமிடம் சுற்றி 502. கூனிகார்ன் லாகில் "வொர்க்கர் டைம்அவுட்". அதன் இயல்பான கெடு 30 விநாடி. தாண்டினால் வொர்க்கரைக் கொன்றுவிடும், என்ஜின்எக்ஸ் 502 காட்டும். என்ஜின்எக்ஸ் தானே காத்திருந்து சலித்தால் 504; அதன் கெடு 60. ஆகவே எண்ணைப் பார்த்தே கைவிட்டது யார் என்று சொல்லலாம்.

கெடுவை 120 ஆக்கினால் மண்டிக்காரர் இரண்டு நிமிடம் காத்திருப்பார், அவ்வளவே. டீபக் டூல்பாரில் உண்மை தெரிந்தது: வரவுகளுக்கு ஒரு குவெரி, பிறகு ஒவ்வொரு வரவுக்கும் விவசாயி பெயர் எடுக்கத் தனித்தனியே ஒன்று. 4,200 வரவு, 4,201 குவெரி. வியூவில் செலக்ட்-ரிலேட்டட் போட்டு விவசாயியை இணைத்ததும் ஒன்றாகச் சுருங்கியது. தேதி நெடுவரிசைக்கு இண்டெக்ஸும் சேர்த்தாயிற்று. டைம்அவுட் 30-லேயே இருக்கிறது.