லீட்ஸில் முதல் குளிர்காலமும் மனநல ஆலோசனையும்

இங்கிலாந்தில் ஓராண்டு முதுகலைப் படிப்புக்கு வரும் நம் பிள்ளைகளுக்கு நவம்பரிலிருந்து ஜனவரி வரையிலான காலமே மிகக் கடினமானது என்று, லீட்ஸில் என் முதல் குளிர்காலத்தைக் கடந்த பிறகு உறுதியாகச் சொல்வேன். அக்டோபரின் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்பியதும் ஊருக்கும் நமக்குமான இடைவெளி ஐந்தரை மணி நேரமாகிவிடும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். மாலை வகுப்பு முடிந்து அறைக்குத் திரும்பும்போது ஊரில் எல்லோரும் உறங்கியிருப்பார்கள். கல்விக் கடனும், பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்க விடாத மாணவர் விசாவும், ஜனவரித் தேர்வும் அந்த நேரத்தில்தான் ஒன்றாக நெருக்கும். எனக்கு முதலில் உறக்கம் போயிற்று, பிறகு பசி.

பல்கலைக்கழக ஆலோசனை மையத்துக்கு என்னை அனுப்பியவர் என் துறை வழிகாட்டி ஆசிரியர். அங்கே கட்டணம் இல்லை. நம் மாணவர்களைத் தடுப்பது பணமன்று, செய்தி வெளியே போய்விடுமோ என்ற அச்சம். நாம் சொல்வது பெற்றோருக்கோ, துறைக்கோ, விசா அதிகாரிகளுக்கோ போகாது என்பதையும், உயிருக்கு ஆபத்து இருப்பதாகக் கருதினால் மட்டுமே பிறரிடம் தெரிவிப்பார்கள் என்பதையும் முதல் சந்திப்பிலேயே விளக்கிவிட்டார்கள்.

மனம் சோர்ந்தவருக்கு நம் வீடுகளில் உடனே கிடைப்பது அறிவுரைதான்: கோயிலுக்குப் போய் வா, தைரியமாக இரு, உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்களைப் பார். அதையே எதிர்பார்த்துச் சென்ற எனக்கு, மையத்தின் ஆலோசகரான அம்மையார் அறிவுரை எதுவும் கூறாதது முதலில் ஏமாற்றமாகவே இருந்தது. கடனை நினைத்து நான் அழுதபோது, தொகை எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. அதைப் பற்றி உங்கள் அப்பா என்ன சொன்னார் என்று கேட்டார். அப்பா ஒருமுறைகூட எதுவும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றிரவு வெகுநாள் கழித்து நன்றாக உறங்கினேன்.

பல்கலைக்கழகங்கள் பொதுவாகச் சில அமர்வுகளே தருகின்றன. தேர்வுக் காலத்தில் காத்திருக்கவும் நேரும். ஆகவே வந்த முதல் வாரத்திலேயே அருகிலுள்ள ஜி.பி. எனப்படும் பொது மருத்துவரிடம் பதிந்துகொள்ளுங்கள். விசாவுக்காக ஆண்டுக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டியிருக்கும் நமக்கு அது உரிமை. இங்கிலாந்துக்குள் என்.ஹெச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையின் உரையாடல்வழி மனநலச் சிகிச்சைக்கு மருத்துவரின் கடிதம் இல்லாமல் நாமே விண்ணப்பிக்கலாம். இரவில் தாங்க முடியாதபோது, மனம் தளர்ந்தவர்களுக்குக் காது கொடுக்க 1953-இல் தொடங்கப்பட்ட சமாரிட்டன்ஸ் அமைப்பை 116 123 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். 1970-இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்த நைட்லைன் சேவையில், இரவு முழுதும் விழித்திருந்து காது கொடுப்பவர்கள் பயிற்சி பெற்ற மாணவர்களே.

ஒன்றை மட்டும் தனியே சொல்ல வேண்டும். ஆலோசனைக்குச் செல்வது விசாவைப் பாதிக்காது. ஆனால் படிப்பை இடையில் நிறுத்திவைத்தால் பல்கலைக்கழகம் அதை உள்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும், விசாவும் சுருங்கக்கூடும். எனவே அந்த முடிவுக்கு வருமுன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் பேசுங்கள். ஒப்படைப்புகளுக்குக் கூடுதல் அவகாசம் கிடைத்தாலே பலருக்குப் போதுமானதாக இருக்கிறது.