திறக்க மறுக்கும் கோல்ட் 1903

பிப்ரவரி 5

இன்று என் துப்பாக்கிப் பட்டறைக்கு ஒரு கோல்ட் (Colt) 1903 வந்தது. ஜான் பிரவுனிங் வடிவமைத்தது. என் பட்டறை இருக்கும் இதே கனெக்டிகட் மாநிலத்தில், ஹார்ட்ஃபோர்ட் நகரில் 1945 வரை தயாரான .32 அங்குல ரகத் தோட்டா போடும் கைத்துப்பாக்கி. அமெரிக்க ராணுவம் தன் ஜெனரல்களுக்கு வழங்கிய ரகம். கொண்டுவந்தவரின் தாத்தாவுடையதாம். தோல் உறைக்குள்ளேயே பல ஆண்டுகள் கிடந்திருக்கிறது. அப்படி வைப்பதைக் கண்டாலே எனக்கு மனம் பொறுக்காது. தோல் ஈரத்தை இழுத்து எஃகின் மேலேயே பிடித்து வைத்திருக்கும்.

ஸ்லைடு, அதாவது முன்னும் பின்னும் ஓடும் மேல்பாகம், இம்மியும் நகரவில்லை. தோட்டாக்கள் அடுக்கும் மேகசினைக் கழற்றிவிட்டதால் துப்பாக்கி காலிதான் என்றார் கொண்டுவந்தவர். குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறைக்குள் ஒன்று தங்கியிருந்தால்? இந்த ரகத்தில் அதைக் காட்டும் அடையாளம் வெளியே எதுவும் கிடையாது. சுத்தியலும் ஸ்லைடுக்குள் மறைந்திருக்கிறது.

ஆனால் ஒரு தடயம் கிடைத்தது. இடப்பக்கத்துப் பாதுகாப்புத் தாழ் மேலே ஏறி நிற்கிறது. உள்ளே சுத்தியல் பின்னால் இழுபட்டு நின்றால்தான் அது மேலே ஏறும். ஏறியபின் ஸ்லைடையும் சேர்த்துப் பூட்டிவிடும். எனவே சிக்கல் முதலில் தாழில். சுத்தியல் அடிக்கத் தயாராக நிற்கும் துப்பாக்கி இது என்பதும் உறுதி.

பிப்ரவரி 6

வேறு எதையும் தொடுமுன் அறையைச் சோதித்தேன். குழல்வாயை மணல் வாளியின் பக்கம் சாய்த்து, கை எங்கும் குழலுக்கு நேரே வராதபடி பக்கவாட்டிலிருந்து மெல்லிய மரக்குச்சியை உள்ளே விட்டேன். அழுத்தவில்லை. இதன் குழல் மூன்றே முக்கால் அங்குலம், அதாவது ஏறத்தாழ 95 மில்லிமீட்டர். .32 தோட்டாவின் நீளம் சுமார் 25. தோட்டா இருந்தால் குச்சி 70-ஐ ஒட்டியே நின்றுவிட வேண்டும். முழு ஆழத்துக்கும் போனது. அறை காலி. அதன் பிறகுதான் மூச்சு சீரானது.

பிப்ரவரி 7

பிடியின் கெட்டி ரப்பர் தகடுகளைக் கழற்றித் தனியே வைத்தேன். பழைய ரப்பர் எளிதில் நொறுங்கும், கரைப்பான் படக்கூடாது. மேகசின் குழி வழியாகவும் தாழின் அச்சிலும் ஊடுருவும் எண்ணெயை விட்டேன். துருநீக்கி அமிலம் வேண்டவே வேண்டாம். அது துருவோடு எஃகின் நீலப் பூச்சையும் தின்றுவிடும். போன பூச்சு திரும்பாது. குறடு போட்டு நெம்பச் சொல்பவர்களும் உண்டு. அந்தத் தழும்பு துப்பாக்கி உள்ளவரை நிற்கும்.

பிப்ரவரி 8, 9

எண்ணெய் விட்டேன், காத்திருந்தேன்.

பிப்ரவரி 10

தாழ் இறங்கியது! விரலாலேயே. அச்சைச் சுற்றி அரக்குபோல இறுகிய பழுப்பு நிறப் பசை. ஏதோ காலத்தில் யாரோ அன்போடு தடவிய எண்ணெய்தான் உலர்ந்து இப்படி ஆகியிருக்கிறது. துருவைவிட இதுவே பழைய துப்பாக்கிகளை அதிகம் முடக்குகிறது என்பது என் அனுபவம்.

ஸ்லைடு மட்டும் இன்னும் அசையவில்லை. அது ஓடும் தண்டவாளங்களிலும் அதே பசை இருக்கக்கூடும். மேலும் எண்ணெய்.

பிப்ரவரி 12

இதில் குழல் சட்டத்தோடு பிணைந்து நிற்கும். ஸ்லைடு மட்டுமே பின்னால் போகும். அதனால் குழல்வாய்க்கு இடம்விட்டுத் துளையிட்ட மரக்கட்டையை ஸ்லைடின் முன்விளிம்பில் வைத்து, நைலான் சுத்தியால் லேசாகத் தட்டினேன். கொஞ்சம் எண்ணெய், மறுபடி தட்டல். ஒரு மயிரிழை நகர்ந்தது. முன்னும் பின்னும் அசைக்க அசைக்கக் கறுத்த எண்ணெய் வழிந்து, ஸ்லைடு முழுத்தூரமும் போனது. குழலைத் திருப்பிப் பிணைப்பை விடுவித்து ஸ்லைடை முன்பக்கமாக உருவினேன்.

வலப்பக்கத் தண்டவாளத்தில் மட்டும் செந்துரு, ஆழமில்லை. குழலடியில் இருக்கும் சுருள்வில் தளர்ந்திருக்கிறது. புதிது போட வேண்டும். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 15

புது வில் பொருத்தி, மெல்லிய எண்ணெய் மட்டும் தொட்டுப் பூட்டினேன். போலித் தோட்டாக்கள் தடையின்றி ஏறி இறங்குகின்றன. பிடியின் பின்புறப் பாதுகாப்பை அழுத்தாமல் விசையை இழுத்தால் சுத்தியல் விழவில்லை. தாழ் ஏறியபோதும் விழவில்லை. சுடுதளத்தில் சோதித்த பிறகே உரியவரிடம் கொடுப்பேன், தோல் உறையைத் தனியாகக் கட்டி.