ஆர்க்கிட் பூந்தண்டில் அசுவினி: ஒரு மாத நாட்குறிப்பு

பிப்ரவரி 4

ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட்டின் அடி இலையைத் துடைக்கக் கை வைத்தபோது விரல் ஒட்டிக்கொண்டது. சர்க்கரைப் பாகு சிந்தி உலர்ந்ததுபோல இலை முழுவதும் ஒரு பளபளப்பு. அதன் மேல் உமித்தூள் போன்ற வெண்ணிறத் துணுக்குகள் சில படிந்திருந்தன. இவ்வகை ஆர்க்கிட்டுகள் மொட்டுக் காம்பின் அடியிலும் பூந்தண்டின் கணுக்களிலும் தாமாகவே இனிப்பான நீரைக் கசியவிடுவது உண்டு என்பதால், பூச்சிதான் என்று உடனே முடிவுகட்ட மனம் வரவில்லை. ஆனால் செடி கசியவிடும் துளி கசிந்த இடத்திலேயே மணிபோல் உருண்டு நிற்கும்; கீழே உள்ள இலையில் தூவிவிட்டதுபோலப் பரவலாகப் படியாது. அந்த வெண்துணுக்குகளுக்கும் இந்த விளக்கம் பொருந்தவில்லை. இருட்டிவிட்டது, நாளைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 5

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்சுடன் காலையில் உட்கார்ந்தேன். ஐயத்திற்கு இடமே இல்லை, அசுவினிதான். செடிப்பேன் என்றும் இதைச் சொல்வார்கள். பூந்தண்டில் இருக்கும் ஏழு மொட்டுகளில் நுனியில் உள்ள மூன்று இளமொட்டுகளைச் சுற்றி அவை அப்பிக்கிடந்தன. ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கலாம். வெளிர்பச்சை நிறம், பேரிக்காய் வடிவம், உடலின் பின்பகுதியில் இரண்டு நுண்ணிய குழல்கள். மாவுப்பூச்சிக்கும் செதில்பூச்சிக்கும் இந்தக் குழல்கள் கிடையாது என்பதால், அடையாளம் காண இதைவிட எளிய குறி வேறில்லை. நேற்று பார்த்த வெண்துணுக்குகள், வளரும் பூச்சிகள் உரித்துப்போட்ட சட்டைகள்; விரலில் ஒட்டிய பளபளப்பு, அவை கழித்த இனிப்பு நீர்.

பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒரு தாய்ப்பூச்சி குட்டி ஈன்றது. பின்பக்கம் முதலில் வெளிவந்த அந்தக் குஞ்சு, கால்களை உடலோடு ஒடுக்கியபடி சிறிது நேரம் தொங்கிக்கொண்டிருந்துவிட்டு, கால்களை ஒவ்வொன்றாக விரித்து மொட்டைப் பற்றியதும் நடக்கத் தொடங்கிவிட்டது. வீட்டுக்குள் வாழும் அசுவினிகளில் காணப்படுபவை பெரும்பாலும் பெண் பூச்சிகள். அவை இணைசேராமலே ஈனும், கதகதப்பான அறையில் அக்குஞ்சுகள் ஏழு முதல் பத்து நாளுக்குள் தாமும் ஈனத் தொடங்கிவிடும். வெறுப்பும் வியப்பும் ஒன்றாகத் தோன்றிய காட்சி அது.

எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. இரண்டு வாரங்களுக்கு முன்பு கொண்டுவந்த புதிய செடியைத் தனியே வைத்துக் கண்காணிக்காமல் நேராக இதன் பக்கத்தில் வைத்தவன் நான்தான். அதன் தளிரிலும் நான்கைந்து பூச்சிகள் இருந்தன. இரண்டு தொட்டிகளையும் வேறு அறைக்கு மாற்றிவிட்டேன்.

பிப்ரவரி 6

முதல் மருந்து தண்ணீர். தொட்டியின் வாயைப் பிளாஸ்டிக் உறையால் மூடி, உள்ளிருக்கும் மரப்பட்டைத் துண்டுகள் சிதறாதபடி கட்டிவிட்டு, செடியைப் பக்கவாட்டில் சாய்த்து, பூந்தண்டை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, அறை வெப்பநிலையில் இருந்த நீரைத் தெளிப்பானால் பீய்ச்சினேன். கூட்டத்தில் பெரும்பகுதி அப்போதே உதிர்ந்தது. மொட்டுகளின் இடுக்கில் ஒட்டிக்கொண்டிருந்தவற்றை ஈரமான மென்தூரிகையால் தள்ளிவிட்டேன்.

இந்தக் குளியலில் கவனிக்க வேண்டிய இடம் குருத்து. ஃபெலனாப்சிஸ் ஒற்றைக் குருத்திலிருந்து மட்டுமே மேல்நோக்கி வளரும் செடி; இலைகள் கூடும் அந்தக் குழியில் நீர் தேங்கி அழுகல் பிடித்தால் அசுவினி செய்யாத கேட்டை நாமே செய்துவிட்டதாகும். ஆகவே மெல்லிய தாளைத் திரித்து ஒவ்வொரு இலைக்கக்கத்திலும் நுழைத்து, ஈரம் ஏறாமல் வெளிவரும்வரை ஒற்றியெடுத்தேன். குளிப்பாட்டியதைவிட உலர்த்தியதற்கே அதிக நேரம் பிடித்தது.

பிப்ரவரி 9

பத்துப் பன்னிரண்டு பூச்சிகள் மீண்டும் தென்பட்டன. பொறுமையிழந்து, பாத்திரம் துலக்கும் திரவத்தை அளவு பார்க்காமல் தண்ணீரில் கலந்து, ஜன்னல் வெயில் விழும் நண்பகலில் மொட்டுகள் நனைய அடித்துவிட்டேன். எழுதும்போதே தவறு எங்கே என்று தெரிகிறது, செய்யும்போது தெரியவில்லை.

பிப்ரவரி 11

நுனி மொட்டுகள் இரண்டு மஞ்சளாகி உதிர்ந்தன. சாறு உறிஞ்சப்பட்ட மொட்டு தானாகவே உதிர்வதும் உண்டு என்பதால் பழி முழுவதும் அந்தக் கலவையுடையது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆயினும் அடி மொட்டு ஒன்றின் மீது, துளி காய்ந்த இடத்தில் வட்டமாகத் தோன்றியிருக்கும் பழுப்புத் தழும்பு என் கைவேலைதான். பாத்திரத் திரவங்களில் பெரும்பாலானவை உண்மையில் சோப்பே அல்ல. எண்ணெய்ப் பிசுக்கை அகற்றுவதற்கென்று உருவாக்கிய சலவைப் பொருட்கள். இலையையும் மொட்டையும் காக்கும் மெழுகுப் பூச்சையும் அவை விட்டுவைப்பதில்லை. செடிகளுக்கென விற்கப்படும் பூச்சிக்கொல்லி சோப்பு என்பது கொழுப்பு அமிலங்களின் பொட்டாசியம் உப்பு. மென்மையான உடலுள்ள பூச்சியின் மேற்தோலைச் சிதைத்து அதை உலர்த்திக் கொல்லும், செடியில் நஞ்சாகத் தங்காது.

செடியை வெறும் நீரால் அலசி, மீண்டும் அதே பொறுமையோடு உலர்த்தினேன். வாங்கிவந்த சோப்புக் கரைசலைக் குப்பியில் குறித்துள்ள அளவில் கலந்து, ஓர் இலையின் ஓரத்தில் மட்டும் தடவி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 13

இரண்டு நாள் கழித்தும் அந்த இலையோரம் பச்சையாகவே இருந்ததால் இன்று மாலை வேலையைத் தொடங்கினேன். கடின நீரில் உள்ள சுண்ணாம்பு சோப்போடு சேர்ந்து அதைத் திரித்துவிடும், பிறகு அதற்கு வலுவிருக்காது. காய்ச்சி வடித்த நீரில் கலக்கக் காரணம் அதுவே. இந்தக் கரைசல் ஈரமாகப் பூச்சியின் மேல் பட்டால்தான் கொல்லும். காய்ந்துபோன சோப்பின் மீது அசுவினி நடந்து போனாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. எனவே எங்கும் பொதுவாகத் தெளிப்பதை விட்டுவிட்டு, இலையின் அடிப்பக்கம், தண்டு, காம்பு என்று இடம் இடமாகப் பார்த்து நனைத்தேன். மொட்டுகளுக்குத் தூரிகையும் தண்ணீரும் மட்டும்.

பூந்தண்டின் கணுக்களை மூடியிருக்கும் முக்கோணச் செதிலுக்குள் தெளிப்பு எட்டாது. அங்கே 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக்குச்சியைச் செலுத்தித் துடைத்தேன். இரண்டாவது கணுவில் குச்சி வெளியே வந்தபோது ஐந்து பூச்சிகள் அதில் ஒட்டியிருந்தன. இத்தனை நாள் நான் கழுவியதற்கெல்லாம் அவை உள்ளேயிருந்து வேடிக்கை பார்த்திருக்கின்றன. ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும். ஜன்னலைத் திறந்து வைத்து, அருகில் நெருப்பு இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாற்றில் கலந்து செடி முழுவதும் பரவும் இமிடாகுளோபிரிட் போன்ற மருந்தைத் தொட்டியில் இட்டால் ஒரே வேலையாக முடிந்துவிடுமே என்ற எண்ணம் வராமல் இல்லை. ஆனால் எங்கள் வீட்டுப் பூனைக்கு இலையைக் கடிக்கும் பழக்கம் இருக்கிறது. ஃபெலனாப்சிஸ் பூனைக்கு நஞ்சில்லாத செடி. அதை நஞ்சாக்கி வீட்டுக்குள் வைத்துக்கொள்ள ஒரு தண்டிலுள்ள பூச்சிகள் போதிய காரணமாகத் தோன்றவில்லை. ஆல்கஹால் ஆவியாகி, சோப்பு உலரும்வரை பூனைக்கும் அந்த அறைக்குள் அனுமதி இல்லை.

பிப்ரவரி 18

இரண்டாம் சுற்று. கண்ணுக்குத் தெரிந்தவை மூன்று குஞ்சுகள் மட்டுமே. இருந்தும் முதல் முறை செய்த அத்தனையையும் விடாமல் செய்தேன். ஐந்து நாள் இடைவெளிக்குக் கணக்கு எளிது: தப்பிய குஞ்சு ஈனும் பருவத்தை எட்டக் குறைந்தது ஒரு வாரம் ஆகும், அதற்குள் திரும்பி வந்துவிட்டால் அடுத்த தலைமுறைக்கு வழியில்லை. பத்து நாள் கழித்து இருமடங்கு வலுவான மருந்தோடு வருவதைவிட, ஐந்தாம் நாள் அதே மென்மையான மருந்தோடு வருவது பலன் தரும்.

தொட்டியருகே நட்டுவைத்த, பூச்சி பிடிக்கும் மஞ்சள் பசை அட்டையில் சிறகு முளைத்த அசுவினி ஒன்று சிக்கியிருந்தது. கூட்டம் நெருக்கமானால் இப்படிச் சிறகுள்ளவை பிறந்து வேறு செடிக்குப் பறந்துவிடும். மற்ற அறையில் உள்ள செடிகளையும் உடனே லென்சு வைத்துப் பார்த்தேன். அவற்றில் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 19

எறும்புகள். இனிப்புக் கழிவை உண்ண வரும் இவை அசுவினிகளை எதிரிகளிடமிருந்து காவல் காக்கவும் செய்யும். வரிசையைத் தொடர்ந்து சென்று சுவர் விரிசலை அடைத்தேன். அகலத் தட்டில் நீர் ஊற்றி, நடுவில் கவிழ்த்த கிண்ணத்தின் மேல் தொட்டியை ஏற்றி வைத்தேன். தொட்டியின் அடி நீரில் படக்கூடாது.

பிப்ரவரி 23

மூன்றாம் சுற்று. உயிருள்ள பூச்சி ஒன்றுகூட அகப்படவில்லை. வேப்பெண்ணெய் தெளிக்கவில்லையா என்று கேட்டார்கள். நல்ல மருந்துதான், அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சி சட்டை உரிப்பதையே குலைக்கும். ஆனால் திறக்கவிருக்கும் மொட்டின் மேல் எண்ணெய் படிந்தால் இதழில் கறை விழும். பூ முடிந்தபின் தேவைப்பட்டால் பார்க்கலாம்.

அடி இலையில் இனிப்புப் படிவின் மேல் கரும்பூஞ்சை மெல்லப் படரத் தொடங்கியிருந்தது. இலையைத் துளைக்காமல் மேலேயே வளர்வது அது. ஈரத்துணியால் துடைத்ததும் போய்விட்டது. தழைச்சத்து மிகுந்த உரத்தையும் இப்போதைக்கு நிறுத்தியிருக்கிறேன், தளதளவென்ற இளந்தளிர் அசுவினிக்கு விருந்து என்பதால்.

மார்ச் 2

மீண்டும் லென்சு, மீண்டும் ஒன்றுமில்லை. செதில்களின் உள்ளே செலுத்திய பஞ்சுக்குச்சி வெள்ளையாகவே திரும்பியது. புதிய செடியிலும் அப்படியே. ஆனாலும் இன்னும் ஒரு வாரம் இருவரும் தனியறையில்தான்.

மார்ச் 9

முதல் பூ விரிந்தது. கீழ்ப்பக்க இதழ் ஒன்றின் ஓரம் சுருண்டிருக்கிறது. மொட்டாக இருந்தபோது அசுவினியின் ஊசிவாய் பதிந்த இடமாக இருக்க வேண்டும். எஞ்சிய நான்கு மொட்டுகளில் ஒன்றில் அந்தப் பழுப்புத் தழும்பு பெரிதாகாமல் அப்படியே இருக்கிறது. ஆர்க்கிட்டை இன்று ஜன்னலோரத்துக்குத் திருப்பி வைத்தேன். புதிய செடியை அறையின் மறுகோடியில் வைத்திருக்கிறேன்.