சித்தப்பா காத்திருந்த ஐந்து வாரம்

சித்தப்பா காசிமேட்டில் முப்பது வருடம் ஐஸ் உடைத்தவர். குடலில் வந்த புற்றுநோய், கீமோவை இரண்டு தடவை மாற்றியும் கல்லீரலுக்குப் போய்விட்டது. புது மருந்துக்கு ஃபேஸ் ஒன் டிரையல் (எவ்வளவு டோஸ் தாங்கும் என்று பார்க்கும் முதல் கட்டச் சோதனை) நடக்கிறது, சேர்கிறீர்களா என்று டாக்டர் கேட்டார். சரி என்றோம். பெயரை எழுதிக்கொண்டு, இடம் வந்தால் கூப்பிடுகிறோம் என்றார்கள். ஐந்து வாரம் ஆகியும் கூப்பிடவில்லை.

ராயபுரத்திலிருந்து போன் செய்து செய்து அலுத்துப்போய், கோபத்தோடு நேரிலேயே போனேன். டிரையலைக் கவனிக்கும் கோஆர்டினேட்டர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். முதலில் ஒரு டோசில் மூன்று பேர், முதல் சைக்கிள், அதாவது மருந்தின் முதல் சுற்று, 28 நாள் முழுக்க அவர்களைக் கவனிக்கிறார்கள், யாருக்கும் கடுமையான பாதிப்பு இல்லையென்றால் அடுத்த மூவருக்கு டோசை ஏற்றுகிறார்கள். ஒருவருக்கு வந்தால் அதே டோசில் இன்னும் மூன்று பேர். ஆறில் ஒருவரோடு நின்றால் மேலே போகலாம். இரண்டு பேருக்கு வந்துவிட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு, அதற்குக் கீழே உள்ள டோஸ்தான் எல்லை என்று வைத்துக்கொள்கிறார்கள். மூன்று கூட்டல் மூன்று என்று இதற்குப் பெயர்.

சித்தப்பாவுக்கு முந்தைய மூவரில் ஒருவருக்கு ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ரொம்ப இறங்கியிருந்தன. அதனால்தான் அந்த டோசில் மறுபடி மூன்று இடம், அதில் ஒன்று இவருக்கு. கோபம் போய்விட்டது, பயம் வந்தது.

1990இலேயே இதைவிட நல்ல முறை ஒன்று வந்துவிட்டது என்று பிறகு படித்தேன். ஒவ்வொருவருக்கும் என்ன ஆனது என்பதை வைத்து அடுத்த டோசைக் கணக்குப் போடுவார்கள், பலன் தராத சின்ன டோசில் பலர் மாட்டிக்கொள்வது குறையும். மூன்று கூட்டல் மூன்றுக்குக் கம்ப்யூட்டர் வேண்டாம், அதனால் இன்னும் ஓடுகிறது. நோயாளி பக்கம் நின்று பார்த்தால் எனக்கு அந்தக் காரணம் போதவில்லை.

சம்மதப் படிவம் தமிழில் இருந்தது. மருந்தின் பாதுகாப்பான அளவைக் கண்டுபிடிப்பதுதான் நோக்கம், குணமாகும் என்ற உறுதி இல்லை என்று டாக்டர் வாய்விட்டுச் சொன்னதை வீடியோவும் எடுத்தார்கள். நீங்கள் போனால் இதை மட்டும் கேளுங்கள்: எத்தனையாவது டோஸ், இதே டோசில் இதுவரை எத்தனை பேர், அவர்களுக்கு என்ன ஆனது.

28 நாளும் சோர்வு, குமட்டல், அவ்வளவுதான். இரண்டாவது சைக்கிள் முடிந்து ஸ்கேனில் கட்டி பெரிதாகியிருந்தது, அவருக்கு மருந்தை நிறுத்திவிட்டார்கள். கிளம்பும்போது சித்தப்பா கோஆர்டினேட்டரிடம் கேட்டார், "ஏம்மா, எங்களுக்கு அப்புறம் டோஸ ஏத்திட்டீங்களா?"

"ஏத்திட்டோம்ப்பா" என்றார் அந்தப் பெண்.